அம்மாவின் கால் புண்ணும் 17 கேள்விகளும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர்களுக்குக் காலில் கீறல் சாதாரணம், பாறை கிழிக்கும், தானாக ஆறிவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒரு கீறல் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கிறது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போதெல்லாம் ஸ்கேல் வைத்து நீள அகலம் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இந்த முறை சிஸ்டர் ஒரு படிவம் கொண்டுவந்தார். 'வூண்ட் க்யூஓஎல்' (Wound-QoL) என்று பெயர், புண்ணால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கிறது என்று நோயாளியிடமே கேட்பது, ஜெர்மனியில் உருவானதாம். கடந்த 7 நாளில் வலி, வாடை, நீர் வடிதல், தூக்கம், பயம், நடமாட்டம் எல்லாம் எவ்வளவு படுத்தியது என்று 17 கேள்வி, கடைசியில் பணச்சுமை. ஒவ்வொன்றுக்கும் 0 (கொஞ்சமும் இல்லை) முதல் 4 (ரொம்ப அதிகம்) வரை சொல்ல வேண்டும். "தம்பி, நீங்க வெளிய இருங்க, அம்மாவே சொல்லட்டும்" என்றார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

வலிக்கு 1. பாதம் மரத்துப்போய்க் கிடப்பதால் அது நல்ல சேதியும் இல்லை. வாடைக்கு 4! "கருவாட்டு வாடையில இது யாருக்குப்பா தெரியப்போவுது" என்று என்னிடம் சிரிக்கிறவர், சிஸ்டரிடம் ஒரு விசேஷ வீட்டுக்கும் போவதில்லை என்றார். மாடிப்படி ஏறக் கஷ்டமா என்ற கேள்விக்கு, "ஓட்டு வீட்ல ஏதும்மா படி". அதை விட்டுவிட்டார்கள். முக்கால்வாசிக்குப் பதில் இருந்தால் போதும், பதில் சொன்னவற்றின் சராசரிதான் மொத்த மதிப்பெண்.

எனக்கு உறுத்தியது அந்த 7 நாள் கணக்குதான். பாசிக்குப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. நாங்கள் போனது இடைப்பட்ட வாரம், ஊரே கரையில் இருந்தது, அன்றாட வேலை கெட்டதா என்றதும் அம்மா 1 என்றார். மற்ற பெண்கள் கடலில் இறங்கும்போது இவர் காலைத் தூக்கி வைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வாரத்தில் கேட்டிருந்தால் அது கண்டிப்பாக 4. அதே புண், அதே கால். சிஸ்டரிடம் சொன்னேன், ஓரத்தில் குறித்துக்கொண்டார். கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் யாராவது இதை நிரப்பினால் முதல் தடவையும் அடுத்த தடவையும் ஒரே மாதிரி வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

வாடைக்கு 4 போட்டதைப் பார்த்து டாக்டர் வாடையை இழுக்கும் கரி சேர்ந்த கட்டுக்கு மாற்றினார். புண்ணின் அளவு சீட்டில் அப்படியேதான் நிற்கிறது, ஆனால் அம்மா சின்னம்மா வீட்டு வளைகாப்புக்குப் போய் வந்துவிட்டார். புதுக் கட்டு விலைதான் கூடுதல், அடுத்த தடவை அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன போடுவாரோ தெரியவில்லை.