திருச்சபை இசையையும் ஒரு படிப்பாக்க வேண்டும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வரும் காலத்தில், "பையன் இறையியல் படிக்க வேண்டும் என்கிறான் ஐயா, படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா?" என்று கேட்டுச் சபையில் யாராவது ஒரு பெற்றோர் என்னிடம் வருவது வழக்கம். இந்த ஆண்டு வந்த கேள்வி வேறு. எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒரு பெண், ஆலய இசையையே படித்து அதையே முழுநேர வேலையாகச் செய்ய நம் நாட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். இறையியலைப் பற்றி நேராகவும், மெய்யியல் என்னும் தத்துவத்தைப் பற்றி ஓரளவும் பதில் சொல்ல முடிந்த எனக்கு, இசை என்றதும் சொல்வதற்கு அதிகம் இல்லாமல் போயிற்று. அதனால்தான் மூன்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இறையியலுக்குப் பாதை தெளிவாக இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் திருச்சபை போன்றவற்றின் இறையியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை வங்காளத்திலுள்ள செராம்பூரின் ஆட்சிக்குழுவோடு (செனட்) இணைந்தவை. வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு, பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் அரசரின் பட்டயம் கொடுத்தது. நம் தரங்கம்பாடியைப் போலவே அந்த ஊரும் அப்போது டேனியர் வசம் இருந்தது. 1918இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் அந்த உரிமையை உறுதிப்படுத்தியது. பி.டி. என்னும் இறையியல் இளங்கலைப் பட்டம், கல்லூரிப் படிப்பை முடித்தவர்களுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, கிறிஸ்தவக் கோட்பாடு, அறநெறி, பிற சமயங்கள், சமூக ஆய்வு, அருட்பணி என்று பாடங்கள் விரிகின்றன. மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இதைத் தமிழிலேயே படிக்கலாம் என்பதை நான் பெரிய கொடையாகவே நினைக்கிறேன். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் குருக்குலம் லுத்தரன் இறையியல் கல்லூரி இருக்கிறது, பெங்களூரில் 1910 முதல் ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது.

குருவானவராக விரும்புகிறவர் முதலில் தம் திருமண்டலத்தின் (பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியின்) பரிந்துரையைப் பெற வேண்டும். படிப்பு முடிந்த பிறகு சில காலம் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) பணி செய்து, உதவி குருவாகி, அதன் பின்னரே குருப்பட்டம் பெறுகிறார். எல்லாரும் குருவாகவேண்டும் என்பதில்லை. மருத்துவமனை ஆறுதல் பணி, ஆற்றுப்படுத்துதல், வேதாகம மொழிபெயர்ப்பு, பதிப்புத் துறை, இறையியல் கல்லூரி ஆசிரியப் பணி எனப் பல வாயில்கள் உள்ளன. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து மொழிபெயர்த்து 1995இல் வெளிவந்த திருவிவிலியம், இப்படிப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆறுதல் பணியாளர்களைப் பார்த்தவர்களுக்கு, நோயாளியின் கட்டில் அருகே நிற்கும் ஒருவருக்கு எவ்வளவு பயிற்சி தேவை என்பது விளங்கும். ஒன்றை மட்டும் பெற்றோரிடம் அழுத்திச் சொல்கிறேன்: எந்த இணைப்பும் இல்லாமல், ஓரிரு ஆண்டுகளில் "முனைவர்" பட்டம் வரை தருவதாகச் சொல்லும் வேதாகமக் கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன், அந்தப் பட்டம் எங்கெல்லாம் செல்லும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மெய்யியலைச் சீர்திருத்தச் சபையினரான நம்மைவிடக் கத்தோலிக்கர்கள் மதித்து வைத்திருக்கிறார்கள். குருமாணவர் குறைந்தது ஆறு ஆண்டுகள் படிக்க வேண்டும் என்றும், அதில் இரண்டு முழு ஆண்டுகள் மெய்யியலுக்கும் நான்கு ஆண்டுகள் இறையியலுக்கும் உரியவை என்றும் அவர்களுடைய திருச்சபைச் சட்டமே விதிக்கிறது. நாமோ மெய்யியலை இறையியலுக்குள் ஒரு துணைப்பாடமாகச் சுருக்கிவிட்டோம். ஒரு காலத்தில் இது இப்படி இருக்கவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஏ. ஜி. ஹாக் மெய்யியல் கற்பித்த நாட்களில் அவரிடம் படித்த ராதாகிருஷ்ணன், கிறிஸ்தவ ஆசிரியர்கள் எழுப்பிய விமர்சனமே தம்மை வேதாந்தத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். 1908இல் அவர் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வே வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றியதுதான். இதே சென்னையில் வழக்கறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்து மேயர் பதவியும் வகித்த வி. சக்கரையும், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சையாவும் சபைச் சம்பளம் வாங்காமலேயே இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையில் முன்னணியில் நின்றார்கள். பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியையும் பக்தி மரபையும் இணைத்து ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்து, பின்னர் கோயம்புத்தூர்ப் பேராயரானார். இன்று மெய்யியலை முதன்மையாக எடுப்பவருக்கு நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராவதே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வழி. அதே தேர்வில் சமயங்களின் ஒப்பாய்வு தனிப் பாடமாகவே உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் துறையும் இருக்கிறது. இடங்கள் குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் பாதை என்று ஒன்று இருக்கிறது.

இசைக்கு அதுகூட இல்லை என்பதுதான் என் வருத்தம். நம் சபை மக்களில் பெரும்பாலோர் மீட்பு, கிருபை, சிலுவை, உயிர்த்தெழுதல் ஆகியவற்றைப் பற்றி அறிந்திருப்பது பிரசங்கத்தினால் அல்ல, பாட்டினால். எழுத்தறியாத என் பாட்டி திரித்துவத்தைப் பற்றி ஒரு வாக்கியம் பேசியதில்லை, ஆனால் திரித்துவத்தைப் போற்றும் கீர்த்தனையை ஐந்து சரணமும் மனப்பாடமாகப் பாடுவார். அப்படியென்றால் சபைக்கு இறையியல் கற்பிப்பவர்களில் முதல்வர் பாடல் நடத்துபவர். அவருக்கு நாம் எந்தப் பயிற்சியும் தருவதில்லை, எந்தப் பதவியும் வைத்திருக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு கவரில் அன்பளிப்பு வைத்துக் கொடுக்கிறோம், அவ்வளவே.

இதன் விளைவை எந்தச் சனிக்கிழமை மாலைப் பயிற்சியிலும் பார்க்கலாம். மாயாமாளவகௌளையில் அமைந்த ஒரு கீர்த்தனையைக் குழு எடுக்கிறது. ஸட்ஜம் 'சி'யில். கீபோர்டு வாசிக்கும் பிள்ளை டிரினிட்டி கிரேடு என்னும் மேற்கத்திய இசைத் தேர்வு முடித்தவன், திறமைசாலி. பஞ்சமத்தில் வரி நிற்கும்போது அவன் கை தானாக 'ஜி மேஜர்' கார்டைப் பிடிக்கிறது. அந்தக் கார்டுக்குள் இருக்கும் 'டி' ஸ்வரம் இந்த ராகத்துக்கு அந்நியமானது, ராகத்தின் சுத்த ரிஷபம் அரை ஸ்வரம் கீழே இருக்கிறது. மூத்த பாடகர்கள் ரிஷபத்தைச் சரியாகத் தொட முயன்று கருவியோடு மோதுகிறார்கள். சில வாரங்களில் தோற்பது பாடகர்கள்தான், மெட்டு மெல்ல மெல்ல வேறு ராகத்துக்கு நழுவிவிடுகிறது. பையன் மீது குறையே இல்லை, ஐரோப்பிய ஒத்திசையையும் நம் ராகத்தையும் ஒருசேரக் கற்பிக்கும் ஆசிரியர் அவனுக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் ஆராதனையில் நேரமாகிவிட்டது என்று குருவானவர் "முதல் சரணமும் கடைசிச் சரணமும் மட்டும் பாடுவோம்" என்று அறிவிக்கிறார். கெத்செமனேயில் தொடங்கி, சிலுவை வழியாக, கல்லறையில் முடியும்படி கட்டப்பட்ட தபசுகாலக் கீர்த்தனை அது. இடையில் இருந்த சிலுவையை விட்டுவிட்டு நாங்கள் கெத்செமனேயிலிருந்து நேரே கல்லறைக்குப் போய்விட்டோம். எபிரேயமும் கிரேக்கமும் கற்றவருக்குப் பாட்டின் கட்டமைப்பைப் படிக்க யாரும் கற்றுத்தரவில்லை.

இது நம் மரபு அல்ல. 1774இல் பிறந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்து, தரங்கம்பாடியில் மிஷனெரிகளிடம் இறையியலும் வானியலும் பிற அறிவியலும் கற்றுத் தஞ்சையில் ஆசிரியரானவர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் கோபர்னிக்கஸின் வானியலும் வேதாகமமும் குறத்தியின் நாடக இசைக்குள் ஒன்றாகவே வருகின்றன. இறையியல், அறிவியல், இசை ஆகிய மூன்று துறைகளையும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் கற்ற காலம் அது. கருணாமிர்த சாகரம் என்னும் இசை ஆராய்ச்சி நூலை 1917இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றியவர்தான். நம் காலத்துக்கு வந்தால், அரசரடியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, கர்நாடகக் கீர்த்தனை மட்டுமே பக்தியின் மொழி என்ற எண்ணத்தை எதிர்த்து, நாட்டுப்புற மெட்டுகளில் முழு வழிபாட்டு முறைமையே அமைத்தார். எந்த இசையில் பாடுகிறோம் என்பதிலேயே எந்தச் சாதியாரின் இறையியலைப் பேசுகிறோம் என்பதும் அடங்கியிருக்கிறது என்று அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2005இல் அவர் மறைந்த பிறகு அந்தப் பணியைத் தொடர ஒவ்வொரு திருமண்டலத்திலும் ஒரு பதவி உருவாகியிருக்க வேண்டும்.

கத்தோலிக்கர்களும் முழுமையாகச் செய்துவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, குருமடங்களில் இசைக் கல்விக்கு மிகுந்த முக்கியத்துவம் தரவேண்டும் என்று சொல்கிறது. திருச்சி மறைமாவட்டத்தின் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி அந்த வழியில் வந்த அரிய முயற்சி. ஆனால் பங்கு ஆலயங்களில் முழுநேர இசைப் பணியிடம் என்பது அங்கும் அரிது.

ஜெர்மனியின் லுத்தரன் சபைகளில் இது ஒரு தொழில். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனெரி சீகன்பால்க் படித்த ஹாலே நகரில் இன்று திருச்சபை இசைக்கென்றே ஓர் உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. ஆர்கன், கொயர் நடத்துதல், உடனடியாக இசையமைத்து வாசித்தல், பாடல் வரலாறு, வழிபாட்டியல், இறையியல் எல்லாம் அங்கே பாடங்கள். 'பி' தேர்வு இளங்கலைக்கும் 'ஏ' தேர்வு முதுகலைக்கும் நிகரானவை, இவற்றைத் தேறியவர்கள் முழுநேரக் கேண்டர், அதாவது ஆலய இசைத் தலைவர், ஆகலாம். பகுதிநேரமாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு 'சி', 'டி' என்று சிறிய தேர்வுகளும் உண்டு.

கேள்வி கேட்ட பெண்ணுக்கு இப்போதைக்கு நான் சொன்னது இதுதான்: கலைக்காவிரி போன்ற ஓர் இடத்தில் கர்நாடக இசையைப் பட்டமாகப் படி, கீபோர்டுக்கு கிரேடு தேர்வுகளைத் தொடர்ந்து எழுது, செராம்பூர் வெளிப்படிப்பாக நடத்தும் கிறிஸ்தவ இயல் இளங்கலையை வீட்டிலிருந்தே எழுது. ஒரே நிறுவனம் தரவேண்டியதை அவள் மூன்று இடங்களில் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

திருமண்டல நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பணம் இல்லை என்ற பதில் வரும் என்று தெரியும். ஆனால் 1723இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரம் இசையமைப்பாளர் பாக்கை நியமித்தபோது, பதவியேற்கும் முன் அவருடைய இறையியல் அறிவைச் சோதித்தார்கள், ஒரே பதவியில் புனித தோமா பள்ளியின் இசை ஆசிரியப் பணியையும் நகரின் நான்கு ஆலயங்களின் இசைப் பொறுப்பையும் கொடுத்தார்கள். நம் திருமண்டலங்களுக்குப் பள்ளிகள் இருக்கின்றன, கல்லூரிகளும் இருக்கின்றன. பள்ளியில் இசை ஆசிரியராகச் சம்பளம் பெறும் ஒருவரிடம் அருகிலுள்ள மூன்று, நான்கு சேகரங்களின் பாடகர் குழுக்களை ஒப்படைத்து, ஞாயிறு பாடல்களைக் குருவானவரோடு அமர்ந்து தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அவருக்கு எழுத்தில் கொடுத்தால், முதல் பணியிடம் வரும் கல்வியாண்டிலேயே உருவாகிவிடும்.