வாரம் 30 மணி நேரம்

அமெரிக்காவில் ஒரு பெரிய கடையில் ஷிஃப்ட் போடுவது என் வேலை. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு வாரமும் நிரப்ப வேண்டும். ஒருவருக்கு 28, இன்னொருவருக்கு 31 என்று விழும்போது, அது சம்பளக் கணக்கோடு நின்றுவிடுவதில்லை. மருத்துவக் காப்பீடும் அதில்தான் தொங்குகிறது.

ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, வாரம் சராசரியாக 30 மணி நேரம், அல்லது மாதம் 130 மணி நேரம் வேலை பார்ப்பவர் முழுநேர ஊழியர். பகுதிநேரத்தாரின் மணிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு 50 முழுநேர ஊழியர்களுக்குச் சமமாகும் நிறுவனம், முழுநேரத்தாருக்குக் காப்பீடு தராவிட்டால் அபராதம் கட்ட நேரிடும். 40 மணி நேரம் இருந்தால்தான் கிடைக்கும் என்று நினைத்துக் கேட்காமலே இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பில்லிங்கில் இருக்கும் ஒரு அம்மா, நீரிழிவுக்காரர், அடுத்த வார ஷிஃப்டைப் போனில் காட்டிக்கொண்டு வந்தார். 27 மணி நேரம். “இன்சுலினுக்கு இனி என்ன செய்வேன்?” என்றார். அவருடைய சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்து இருவரும் கூட்டினோம். காய்ச்சலில் படுத்தபோது எடுத்த சம்பளத்தோடு கூடிய விடுப்பும் வேலை நேரமாகவே சேரும் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் கடையில் கடந்த 12 மாதச் சராசரிதான் கணக்கு. அது 30-ஐத் தாண்டியிருந்ததால், அடுத்த 12 மாதத்துக்கு, வேலையில் இருக்கும்வரை, மணி குறைந்தாலும் அவர் முழுநேர ஊழியர்தான். சீட்டுகளை மடித்து ரப்பர் பேண்ட் போட்டுப் பத்திரமாக எடுத்துப் போனார்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. முன்பு நான் இருந்த இடத்தில் யாரையும் 29-ஐத் தாண்ட விடாதே என்பது மேலிட உத்தரவு. காலையில் நான்கு மணி நேரம் ஒரு கடை, மாலையில் இன்னொரு கடை என்று ஓடியவர்களுக்கு இரண்டு இடத்திலும் காப்பீடு இல்லை. இது அநியாயம் என்று அன்றே சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்வேன். ஹவாய் மாநிலத்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொடர்ந்து நான்கு வாரம், வாரத்துக்கு 20 மணி நேரம் பார்த்தாலே பொதுவாகக் காப்பீடு உண்டு.

மணி குறைந்து காப்பீடு போனால், கோப்ரா (COBRA) என்ற சட்டத்தில் அதே காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கும் நம் தலையில்தான். அரசின் காப்பீட்டுச் சந்தையில் வேறு திட்டம் எடுக்க 60 நாள் அவகாசம் உண்டு, அதையும் விசாரிப்பது நல்லது. புதிதாகச் சேருபவர்களிடம் சராசரி எந்தத் தேதியில் தொடங்கி எதில் முடிகிறது என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.