வரிசையில் நான்காவது பெயர்

நான் வேலை பார்த்த ஷோரூமில் எந்த வண்டிக்கும் இரண்டு லிஸ்ட் இருந்தன. ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. புக்கிங் தேதி, ரசீது நம்பர், கலர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். யாராவது கேட்டால் திரையைத் திருப்பிக் காட்டிவிடலாம். இன்னொன்று எங்கள் ஜெனரல் மேனேஜரின் (ஜி.எம்.) தலைக்குள் இருந்தது. வண்டி யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானித்தது அதுதான்.

நாகர்கோவிலில் 11 வருடம் கார் விற்றேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். விற்றதில் முக்கால்வாசி வெள்ளை நிறக் குடும்ப வண்டிகள். கல்ஃபிலிருந்து லீவில் வந்தவர்கள், குலசேகரம் பக்கத்து ரப்பர்க்காரர்கள், வாத்தியார் தம்பதிகள் வாங்குவார்கள். ஆவணியிலும் தையிலும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். டெலிவரி எடுத்த வண்டி நேராக நாகராஜா கோவிலுக்கோ, கோட்டாறு சவேரியார் கோவிலுக்கோ, தக்கலை தர்காவுக்கோ போகும். டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்கி வருவதுகூட என் வேலைதான்.

வேகமான வண்டி என்று ஒன்று அத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை எங்களுக்கு வந்தது. சாதாரண ஹாட்ச்பேக்கின் உடம்புதான். உள்ளே பெரிய டர்போ எஞ்சின். முழுதாகச் செய்து கப்பலில் வருவது. நாடு முழுவதற்கும் சில நூறு வண்டிதான் என்றார்கள். எங்கள் டீலருக்கு இரண்டு. நாங்கள் எடுத்த புக்கிங் பதினொன்று.

இந்தக் கணக்கை இன்றும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. குறைவாகக் கொண்டு வருவதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஃபோக்ஸ்வாகன் 2016-இல் தன் சின்ன வண்டியான போலோவின் வேகமான வடிவம், போலோ ஜி.டி.ஐ.யைக் கொண்டு வந்தபோது மொத்தம் 99 வண்டிதான். விலை 25 லட்சத்துக்கு மேல். இந்த விலைக்குப் போலோவா என்று ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருடமே சுமார் ஆறு லட்சம் குறைத்து 19.99 லட்சத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. அதே கம்பெனியின் கோல்ஃப் ஜி.டி.ஐ. 2025-இல் 53 லட்சத்துக்கு வந்தது. முதலில் ஒதுக்கிய 150-உம் விலையைச் சொல்வதற்கு முன்பே புக்காகிவிட்டது. எது ஓடும், எது படுக்கும் என்று கம்பெனிக்கும் தெரியாது. ஆகவே கொஞ்சமாகக் கொண்டு வருகிறார்கள். சரி. ஆனால் இரண்டு வண்டிக்குப் பதினொரு பேரிடம் பணம் வாங்கியது எந்தக் கம்பெனியும் சொல்லித் தந்ததல்ல. நாங்களாகச் செய்தது.

2022 ஆவணியில் அவர் வந்தார். தக்கலைக்குப் பக்கத்து ஊர். ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மெக்கானிக்காகப் போய், 22 வருடம் கழித்து அதில் பங்குதாரராகி, பங்கை விற்றுவிட்டுத் திரும்பியவர். ஏசிக்கு அடியில் சோபாவைக் காட்டினேன், உட்காரவில்லை. டிஸ்ப்ளேயில் நின்ற சாதாரண வண்டியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். இரண்டு விரலை ரிம் இடுக்கில் விட்டு பிரேக் டிஸ்க்கின் ஓரத்தைத் தடவினார். அந்த விரல்களில் நகத்தின் ஓரமெல்லாம் கறுப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு.

“மத்ததுக்கு இதவிடப் பெரிய டிஸ்க்குதான மக்கா?”

“ஆமா சார்.”

“ஓட்டிப் பாக்க வண்டி உண்டா?”

இல்லை. இரண்டே வண்டி வருகிற மாடலுக்கு டெஸ்ட் டிரைவ் வண்டி எங்கிருந்து வரும்? அதைச் சொன்னதும் சிரித்தார். “இதுவரைக்கும் அடுத்தவன் வண்டியத்தான் ஓட்டியிருக்கேன். ரிப்பேர் பாத்துட்டு ஒரு ரவுண்டு, அதும் முதலாளிக்குத் தெரியாம. சொந்த வண்டிய ஓட்டாமலே பைசா கெட்டணுமா?” என்று கேட்டுக்கொண்டே கட்டினார். லிஸ்டில் நான்காவது பெயர். இரண்டு வண்டிதான் என்பது அன்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. “முதல் லாட்டில் வராவிட்டாலும் இரண்டாவதில் வந்துவிடும் சார்” என்றேன். இரண்டாவது லாட் என்று ஒன்று இருப்பதாக எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

விலையைப் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். துபாயில் இதே வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதே, இங்கே யார் தின்கிறார்கள்? பிரவுச்சரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வண்டி துறைமுகத்தில் இறங்கும்போது 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சுங்கவரி 60 சதவீதம், அதன்மேல் மேல்வரியும் சேர்ந்து 66. ஆக 33.20 லட்சம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 28, செஸ் என்கிற கூடுதல் வரி 20, மொத்தம் 48 சதவீதம். 49 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டுச் சாலை வரி அன்று 15 சதவீதம், 56.5 லட்சம். கம்பெனி லாபம், எங்கள் கமிஷன், இன்சூரன்ஸ், விற்கும்போதே பிடிக்கிற ஒரு சதவீத டி.சி.எஸ். வரி எதையும் இன்னும் நான் சேர்க்கவில்லை. இறங்கியது 20, ரோட்டுக்கு வருவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபம் இல்லை. விலை கூடுதல் என்பதற்காக என்னிடம் கத்தியவர்கள் குறைவு. காரணம் தெரிந்தால் கொடுக்கிறவன் கொடுப்பான், முடியாதவன் எழுந்து போவான். காத்திருப்பதும் அப்படித்தான். அந்த வருடம் ஜூலையில் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ என்-னுக்கு அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் புக்கிங் ஆயிற்று. அத்தனை பேரும் மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராகத்தானே பணம் கட்டினார்கள்.

புக்கிங் படிவத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டும்போது அந்த வரியின்மேல் நம் கட்டைவிரல் இருக்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன்.

2023 பிப்ரவரி பட்ஜெட்டில் சுங்கவரி 70 சதவீதம் ஆனது. மேல்வரியை எடுத்துவிட்டதால் உண்மையில் கூடியது நான்கு சதவீதம்தான். ஆனாலும் என் பழைய கணக்கில் அது லட்சத்துக்கு மேல். விலை ஏறியதும் லிஸ்டில் முதலில் இருந்த மார்த்தாண்டம் டாக்டர் விலகிக்கொண்டார். இரண்டாவது பெயர் ஒரு பையன், அவன் கனடா போய்விட்டான். நம் ஆள் இப்போது இரண்டாவது. வண்டியும் இரண்டு. வடசேரியில் ஒரு கடையில் சாயா குடித்துக்கொண்டே ஃபோனில் அவரிடம் சொன்னேன், “உறுதி அண்ணே.” அந்த எட்டு மாதத்தில் சார் போய் அண்ணே ஆகியிருந்தது. கடைக்காரரிடம் இன்னொரு ரசவடை கேட்டது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அக்டோபரில் வண்டி வந்தது. முதல் வண்டி முறைப்படி மூன்றாவது பெயர்க்காரருக்குப் போனது. அடுத்தது சிவப்பு. ஸ்டாக்யார்டில் பி.டி.ஐ., அதாவது டெலிவரிக்கு முந்தைய சோதனை, பார்க்கும்போது நான் கூடவே நின்றேன். சீட்டின் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஜி.எம். கூப்பிட்டார். கட்டடக் காண்டிராக்டர் ஒருவர், எங்களிடம் ஆறு வண்டி எடுத்தவர், இன்னும் நான்கு எடுக்கப் போகிறவர். அவர் மகனுக்குச் சிவப்பு வேண்டுமாம். “தக்கலைக்காரருக்குக் கப்பல் லேட்டுன்னு சொல்லிருங்க.”

நான் முடியாது என்று சொன்னதாக எழுதலாம். சொல்லவில்லை. அந்த மாதம் டார்கெட்டில் இரண்டு வண்டி குறைவாக இருந்தேன்.

ஃபோன் செய்தேன். கப்பல் தாமதம் அண்ணே, துறைமுகத்தில் ஏதோ நெரிசல். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“எந்தக் கப்பலு மக்கா?”

“அண்ணே?”

“கப்பலுக்கு ஒரு பேரு இருக்கும்லா. பேரச் சொல்லு. எங்க நிக்குன்னு ஃபோன்லயே பாக்கலாம்.”

22 வருடம் ஷார்ஜாவில், கப்பலில் வரும் ஸ்பேர் பார்ட்ஸுக்குக் காத்திருந்த மனுஷனிடம் கப்பல் பொய் சொல்லியிருக்கிறேன். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் நம்பர் வந்தால் எடுக்கத் தைரியம் வரவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் சிவப்பு வண்டி காண்டிராக்டர் மகன் பெயரில் டி.என். 74 நம்பரோடு வெளியே போனது. அடுத்த சில நாளில் தமிழ்நாட்டில் சாலை வரி மாறியது; 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 15 சதவீதம் என்பது 20 ஆனது. வரிசையைத் தாண்டிப் போனவனுக்கு அதிலும் இரண்டரை லட்சம் மிச்சம். வேண்டுமென்று செய்ததல்ல, ஆனால் தக்கலைக்காரரிடம் போய் இதை யார் சொல்வது?

அவரே வந்தார். இந்தத் தடவை மனைவியும் கூட. அந்தம்மா என்னைப் பார்த்து, “இந்தப் பைசாக்கு ஒரு வீடு கெட்டலாம்னு அண்ணைக்கே சொன்னேன்” என்றார். தக்கலைக்காரர் சத்தம் போடவில்லை. “பார்வதிபுரம் பாலத்துல ஒரு சிவப்பு வண்டி என்னைய ஓவர்டேக் பண்ணிச்சு. சைலன்சர் சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு” என்றார். பிறகு, “எனக்கு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. நான் என்ன செய்யப் போறேன்? கப்பல எதுக்கு இழுத்த?”

ஜி.எம். கண்ணாடி அறைக்குள் ஃபோனில் இருந்தார். இறக்குமதி செய்த கம்பெனியின் ஏரியா மேனேஜர் அந்த வருடம் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிட்டார். விலையும் எண்ணிக்கையும் போடுகிறவர் முகத்தை வாங்குகிறவர் பார்ப்பதே இல்லை. பார்ப்பது என் முகத்தை.

கம்பெனிகள் நினைத்தால் வரிசையைக் காப்பாற்ற முடியாமல் இல்லை. 2016-இல் அமெரிக்காவில் ஃபோர்டு தன் ஜி.டி. காருக்கு, முதல் 500 வண்டிக்கு விண்ணப்பம் வாங்கியது; 6,506 பேர் போட்டார்கள். தேர்ந்தவர்கள் இரண்டு வருடம் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம். மல்யுத்த வீரர் ஜான் சீனா சீக்கிரமே விற்றுவிட்டார் என்று அவர்மேல் வழக்கே போட்டார்கள். அது 2018-இல் சமரசமானது. எங்கள் சர்வீஸ் பையன்களிடம் இதைச் சொன்னால் நம்பவில்லை. காரை வித்ததுக்கு கம்பெனிக்காரன் கேஸ் போடுவானா அண்ணே என்று கேட்டார்கள். போடுவான். யாருக்குக் கொடுத்தோம் என்பது அவனுக்கு முக்கியமாக இருந்தால் போடுவான்.

எங்கள் சிவப்பு வண்டி நான்கு மாதம் கழித்து வெளி மாநிலப் பதிவுக்கான என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு களியக்காவிளையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போனது. வாங்கிய விலைக்கு மேல் போனதாகச் சொன்னார்கள். அந்தத் தம்பிக்கு ஆரல்வாய்மொழி ரோட்டில் காற்றுக்கு எதிராக நாலு தடவை ஓட்டியதோடு ஆசை தீர்ந்துவிட்டது.

புக்கிங் பணம் தக்கலைக்காரருக்கு ஏழு வாரம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. வட்டி என்ற பேச்சு இல்லை. நான் அடுத்த வருடம் வேலையை விட்டேன். இப்போது பழைய வண்டி வாங்கி விற்கிறேன். இங்கே ஒரு வண்டிக்கு ஒரு வண்டிதான், லிஸ்ட் கிடையாது. வேலையை விட்டதற்குக் காரணம் அவர் என்று சொன்னால் அழகாக இருக்கும், உண்மையில் சம்பளம்தான்.

அவருடைய பெயரை கம்ப்யூட்டர் லிஸ்டிலிருந்து யாரோ எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். பணம் திரும்பிப் போனது அக்கவுண்ட்ஸில். புக்கிங் அப்படியே கிடக்கிறது. அதனால் பொங்கலுக்கும் ஓணத்துக்கும் அவருக்கு ஒரு மெசேஜ் போகிறது. அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கனவு வாகனம் விரைவில் உங்கள் கைகளில், காத்திருப்புக்கு நன்றி. அதை அவர் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஃபார்வர்டு செய்கிறார். கூட ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. போன ஓணத்துக்கு வந்ததில் மட்டும் கீழே ஒரு வரி இருந்தது.

“கப்பலு பேரு கெடச்சா மக்கா?”