கொரொல்லாவின் கூரைத் துணி: இரண்டாம் தடவை ஒட்டியது நிற்கிறது

காருக்குள் கூரையின் உட்பக்கத் துணியை இரண்டாம் தடவை ஒட்டி நேற்றோடு ஐம்பது நாள். மட்டக்களப்பில் கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில், நிழலே இல்லாத இடமாகப் பார்த்து வேண்டுமென்றே காரை நிறுத்தி வைத்தேன். கூரைத் துணியில் ஒரு கொப்புளம் இல்லை. ஓரம் எங்கேயும் கிளம்பவில்லை. இதை எழுதும்போது உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. ஏனென்றால் இதே வேலையை மாசி மாதம் ஒருதரம் செய்து, பதினேழாம் நாள் முழுத் துணியும் தலைக்கு மேல் தொட்டில் மாதிரித் தொங்கியது.

வண்டி அப்பாவின் 1993 கொரொல்லா 100, டீசல். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து இதைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறோம். 2025 இல் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் விலை எங்களுக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. ஆகவே இருப்பதைத் திருத்தி ஓடுவதுதான் வழி. போன வருடம் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போய் இறங்கியபோது, பின் இருக்கையில் இருந்த அம்மாவின் தலை முழுக்க மஞ்சள் தூள். கடலை மா கொட்டினது போல் இருந்தது. அன்றைக்குத்தான் இதைச் செய்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

அந்தத் தூளில்தான் எல்லாம் இருக்கிறது. கூரைத் துணி தொங்கினால் கம் (பசை) விட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கம் விடுவதில்லை. துணிக்கும் அதைத் தாங்குகிற கூரை அட்டைக்கும் நடுவில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு ஸ்பொஞ்ச் இருக்கிறது, துணியோடு சேர்த்தே வருவது. அது பொலியூரித்தேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்து வருடக்கணக்கில் அதைத் தின்றுவிடும். நமக்கு இரண்டுக்கும் குறைவில்லை: மாரியில் வாவி ஈரம், கச்சானில் கொதிக்கிற தகரம். பழைய கம் அட்டையில் பிடித்தபடி இருக்கும், துணியும் நல்லாத்தான் இருக்கும், நடுவில் ஸ்பொஞ்ச் மட்டும் செத்துப் பொடியாகியிருக்கும். ஊசியால் கம் ஏற்றுவது, குண்டூசி குத்துவது எல்லாம் அதனால்தான் ஒரு மாதம் தாண்டுவதில்லை. பொடிக்கு மேல் எதை ஒட்டினாலும் அது பொடியில்தான் ஒட்டுகிறது.

கழற்றுவதைப் பற்றி நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அட்டையை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும், மடங்கவே விடக் கூடாது. நாங்கள் முன் இருக்கைகளை முழுக்கச் சரித்துவிட்டு இடது முன் கதவால் எடுத்தோம்.

மாசியில் செய்த பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பொஞ்சைச் சுரண்ட வயர் பிரஷ் எடுத்தேன். அது ஸ்பொஞ்சோடு அட்டையின் மேல்தோலையும் உரித்து, பின்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டுவிட்டது. மிச்சத் தூளைத் துணியால் தட்டிவிட்டு, போதும் என்று நிறுத்தினேன். கம் வாங்கிய கடையில் வெயிலுக்கு நிற்குமா என்று இரண்டு தடவை கேட்டேன், நிற்கும் நிற்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கிற சாதாரண மஞ்சள் கம் அது. பிறகு ஒருநாள் மதியம் ஒன்றரைக்கு வெப்பமானியைக் கூரைத் தகரத்தின் உட்பக்கம் காட்டினேன், 71 பாகை. அந்தச் சூட்டில் அந்தக் கம் மெழுகு மாதிரி இளகுகிறது. தெரிந்துகொண்டே பொய் சொல்லி விற்றதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இரண்டாம் தடவை தொடங்குமுன் காத்தான்குடியில் குஷன் வேலை செய்யும் நானா ஒருவரிடம் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு விரலால் அட்டையில் கோடு இழுத்து, அந்த விரலை என் முகத்துக்கு நேரே பிடித்தார். நுனியில் மஞ்சள்.

"தம்பி, இது இரிக்கும் மட்டும் கம் டின்னத் திறக்கவே கூடா. மறுகா கம்மில பிழ சொல்லாதீங்க."

அதற்குப் பிறகு மூன்று பின்னேரங்கள் துடைப்பு மட்டும்தான் செய்தேன். உடுப்புத் தோய்க்கிற நைலோன் பிரஷ்தான் இதற்குச் சரியான சாமான். அழுத்தாமல், சிறு வட்டம் வட்டமாக. ஸ்பொஞ்ச் அழிறப்பர் தூள் மாதிரிச் சுருண்டு சுருண்டு வரும். ஒரு சாண் இடம் முடிந்ததும் வெக்கியூம், பிறகு அதே இடத்தில் மறுபடி பிரஷ். தண்ணீர் பக்கமே போகக் கூடாது, அட்டை ஊறினால் வடிவம் போய்விடும். தின்னர் பூசிப் பழைய கம்மைக் கரைக்கவும் கூடாது, அது கரைந்து அட்டைக்குள் இறங்கும். இறுகிப் பிடித்திருக்கிற பழைய கம் இருந்துவிட்டுப் போகட்டும், பொடி மட்டும் இருக்கக் கூடாது. முகக்கவசம் கட்டாயம், முதல் நாள் கட்டாமல் செய்து இரவு முழுக்க இருமினேன்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு என் சோதனை: ஒரு கறுப்புத் துணியை உள்ளங்கையில் சுற்றி அட்டை முழுக்க அழுத்தித் தேய்ப்பது. முதல் நாள் துணி மஞ்சளாக வந்தது. இரண்டாம் நாள் சாம்பல் நிறம் மாதிரி. மூன்றாம் நாள் பொழுதுபடுகிற நேரம், கறுப்பு கறுப்பாகவே வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாங்கிப் பார்த்து, உதறிப் பார்த்து, "ம், இனி ஒட்டு" என்றார்.

ஓட்டையை அடைத்ததையும் சொல்ல வேண்டும். நாவலடிப் பக்கம் பைபர் படகு திருத்துகிற அண்ணன் ஒருவர் மிச்சம் கிடந்த பைபர் மட் துண்டும் கொஞ்சம் ரெசினும் தந்தார். காசு வாங்கவில்லை. கடலில் அடிபடுகிற படகையே பிடித்து வைத்திருக்கிற சாமானுக்கு இந்த அட்டை எம்மாத்திரம்! ஒரு இரவு காயவிட்டேன், மேலே துணி வந்த பிறகு அந்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை.

சரி, கம். இந்தமுறை வெப்பம் தாங்குகிற, வாகனக் கூரைக்கென்றே வருகிற வகையைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். பஞ்சிகாவத்தையில் தெரிந்தவர் வாங்கிப் பஸ்ஸில் போட்டுவிட்டார். கூடவே கூரைக் கிளிப்பும் சொன்னேன். இருபது சொன்னதற்குப் பதினெட்டு வந்தது, அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. துணி காத்தான்குடியிலேயே கிடைத்தது. ஸ்பொஞ்ச் ஒட்டிய இளஞ்சாம்பல் துணி, இரண்டேகால் யார் (கஜம்). ஸ்பொஞ்ச் இல்லாத துணியை மலிவு என்று வாங்காதீர்கள், அட்டையின் ஒவ்வொரு தழும்பும் வெளியே தெரியும்.

இந்த வேலையின் உயிர் கம் காய்கிற நேரம். துணியின் ஸ்பொஞ்ச் பக்கம், அட்டை, இரண்டுக்கும் மெல்லிசாக அடித்து, கொஞ்சம் காயவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஈரமாகச் சேர்த்தால் கம் ஸ்பொஞ்சைத் தாண்டித் துணியின் முகத்தில் கறையாக வரும், காய்ந்துபோன பிறகு சேர்த்தால் பிடிக்காது. பதினைந்து நிமிடம் விடுங்கள் என்று டின்னில் போட்டிருந்தது. அது மட்டக்களப்புக் கச்சானை அறியாதவர்கள் எழுதியது. காலை பத்தரைக்கு ஒரு துண்டில் அடித்துப் பார்த்தேன், நாலு நிமிடத்தில் மேல்தோல் கட்டிவிட்டது. போதாக்குறைக்குக் கல்லடிப் பக்கத்து மணல் வேறு பறந்துவந்து ஒட்டியது. மாரிக்குத் தள்ளிப் போடலாமென்றால், அப்போது காற்றிலுள்ள ஈரம் காய்கிற கம்மில் படிந்து வெள்ளைப் புகைச்சல் கட்டும், அந்த இடம் பிடிக்கவே மாட்டாது.

ஆகவே ஆனி முடிகிற வாரம், காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினேன். காற்று எழுமுன் வேலை முடிய வேண்டும். போர்ட்டிகோவின் மூன்று பக்கமும் தறப்பாள் கட்டி, தரைக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்தது ஒன்பது நிமிடம். கடிகாரத்தைவிடப் புறவிரலைத்தான் நம்பினேன்: விரல் முட்டியை மெதுவாக வைத்து எடுத்தால் இழுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒன்றும் வரக் கூடாது. பாதிப் பாதியாகத்தான் செய்ய வேண்டும். துணியை நடுவில் மடித்து ஒரு பாதியை முடித்துவிட்டு மற்றப் பாதி.

அடுத்தது பள்ளங்கள். விளக்கு இருக்கிற இடம், சன் வைசர் மடங்குகிற இரண்டு குழிகள். மாசியில் துணியை மத்தளத் தோல் மாதிரி இழுத்துப் பிடித்து ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இழுபட்ட துணி வெயிலில் தன் அளவுக்குத் திரும்பப் பார்க்கும், பள்ளத்திலிருந்துதான் முதலில் எழும்பும். இந்தமுறை நடுவிலிருந்து வெளியே போகாமல், முதலில் விளக்குப் பள்ளத்தின் அடிக்குத் துணியைத் தளர்வாக இறக்கி, பெருவிரலால் அடிமூலை முழுக்க அழுத்தி, அதன் சுவரில் ஏற்றி, பிறகுதான் மேட்டுக்கு வந்தேன். பள்ளம் கேட்கிற துணியை முதலில் கொடுத்துவிட வேண்டும். உள்ளங்கை மட்டும்தான், ரோலர் இல்லை, ரோலர் ஸ்பொஞ்சை நசித்துக் கோடு போடும். ஏழே காலுக்கு முடிந்தது. ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, பின்பக்கம் மடித்து ஒட்டி, ஒரு முழு நாள் அசைக்காமல் கிடத்தினேன்.

அட்டையைத் திரும்ப ஏற்றிய அன்று அப்பா முன் இருக்கையில் ஏறியிருந்து, ஒன்றும் பேசாமல் கையை நீட்டிக் கூரையை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

இப்போது கதவு அட்டைகளில் கண் விழுந்திருக்கிறது. மருதமுனைக் கைத்தறியில் தடித்த கோடுபோட்ட துணி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பின்னால் ஸ்பொஞ்ச் ஒட்டித் தர முடியுமா என்று நானாவிடம் கேட்க வேண்டும். நண்பன் தன் டொல்பின் வேனுக்கும் செய்து தரச் சொல்கிறான். அந்த நீளக் கூரைக்கு ஒன்பது நிமிடம் போதாது, மூன்று பேராவது வேண்டும். ஆரையம்பதியில் ஒருவர் மொறிஸ் மைனர் வைத்திருக்கிறார், அதையும் கேட்டார். அந்தக் காலத்துக் கூரை கம்பியில் கோத்துத் தைத்துத் தொங்கவிடுவது, தையல்காரர் வேலை. அதில் நான் கை வைக்க மாட்டேன்.

அதற்கு முன் இந்தக் காரையே முடிக்க வேண்டும். வலது பின் தூணின் பிளாஸ்டிக் இன்னும் டிக்கியில் கிடக்கிறது, வராத அந்த இரண்டு கிளிப்புக்காக. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.