ஐந்து கோல் வாங்கிய வாரம்

ஜனவரி 6, 2025, திங்கள்

காலையிலிருந்து மழை. ஜித்தாவில் நாலு தூறல் விழுந்தாலே ரோடு குளமாகிவிடும், இன்று பெய்தது தூறல் இல்லை. அறைக்கு வந்து சேர வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல். அறைத் தோழர் சேட்டனுக்கு ஒரே கவலை: "கிரவுண்ட் என்ன ஆயிருக்கும்டா?" மலப்புறத்துக்காரர். ஆபீஸ் லீவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்பானிஷ் சூப்பர் கோப்பை கால்பந்து இந்த வருடம் நம் ஊர் அல்-ஜவ்ஹரா மைதானத்தில். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறோம், யார் வருவார்கள் என்று தெரியாமலே. சேட்டன் பார்சிலோனா, நான் ரியல் மாட்ரிட். இரண்டும் மோதினால், தோற்றவன் ஒரு வாரம் சமையல்.

ஜனவரி 8, புதன்

பார்சிலோனா 2, அத்லெடிக் பில்பாவோ 0. கோல் அடித்தவர்கள் காவி, யமால். சேட்டனுக்கு ஆட்டத்தைவிடப் பெரிய சந்தோஷம், ஓல்மோவின் பதிவை ஸ்பெயின் அரசின் விளையாட்டு கவுன்சில் தற்காலிகமாக அனுமதித்தது. வாங்கிய வீரரைப் பதிவு செய்ய வழியில்லாமல் தவிக்கும் கிளப்புக்கு இத்தனை திமிர் ஆகாது என்றேன். பதில் இல்லை. சத்தமாக டிவியை அணைத்தார்.

ஜனவரி 9, வியாழன்

மாட்ரிட் 3, மயோர்கா 0. ஸ்கோரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 63-வது நிமிடம் பெல்லிங்ஹாம் அடிக்கும்வரை இழுபறி, மற்ற இரண்டும் 90 நிமிடம் முடிந்து காயநேரத்தில் வந்தவை. அதில் ஒன்று மயோர்காக்காரரே தன் வலைக்குள் தள்ளியது. கடைசி விசிலுக்குப் பிறகு ஒரு தள்ளுமுள்ளு வேறு.

ஞாயிறு மாட்ரிட்-பார்சிலோனா, எல் கிளாசிகோ!

ஜனவரி 10, வெள்ளி

விடுமுறை. ஜித்தாவின் ஷரஃபியா பகுதியில் மதியச் சாப்பாடு. வாயில் சோறு இறங்கவில்லை. நேற்று மைதானத்தை விட்டு வெளியே வரும்போது கூட்டத்தில் சிலர் தங்களிடம் அத்துமீறினார்கள் என்று மயோர்கா வீரர்களின் மனைவிமார் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் அணியைப் பார்க்க அத்தனை தூரம் பறந்து வந்தவர்கள். இந்த ஊரில் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கே கூச்சமாக இருந்தது.

இந்தக் கோப்பை முன்பு ஆகஸ்டில் நடக்கும். ஸ்பெயினின் லீக் சாம்பியனும் கோபா டெல் ரே என்ற நாக்அவுட் கோப்பையின் சாம்பியனும், இவர்கள் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று. 2017-ல் பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவில் ரொனால்டோ சட்டையைக் கழற்றிக் காட்டி, அடுத்து சிவப்பு அட்டை வாங்கி, நடுவரைத் தள்ளி, ஐந்து ஆட்டத் தடை வாங்கினாரே, அது சூப்பர் கோப்பைதான். 2020-லிருந்து நாலு அணி, ஜனவரி, பெரும்பாலும் சவூதி. பணம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பார்சிலோனாவில் இருப்பவன் கையிலிருந்து பிடுங்கி எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நானும் வாங்கிக்கொண்டேன், ஞாயிறு வேலைநாள் என்றுகூடப் பார்க்காமல்.

ஜனவரி 12, ஞாயிறு (எழுதுவது திங்கள் அதிகாலை 3 மணி)

5-2.

இரவு 10 மணிக்கு ஆட்டம். ஐந்தாவது நிமிடம், வினிசியஸ் கொடுத்த பந்தோடு எம்பாப்பே ஓட ஆரம்பித்தபோது எங்கள் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. கோல். அக்டோபரில் எங்கள் மைதானமான பெர்னபியூவில் 4-0 வாங்கிய இரவு, பார்சிலோனா பயிற்சியாளர் ஃப்ளிக்கின் ஆஃப்சைடு பொறியில் திரும்பத் திரும்ப மாட்டிய அதே எம்பாப்பே. பொறி உடைந்தது என்று சேட்டன் காதில் கத்தினேன். இனி இவ்வளவு சீக்கிரம் கத்த மாட்டேன்.

22-வது நிமிடம் யமால். பதினேழு வயதுப் பையன் வலதிலிருந்து உள்ளே வெட்டி வந்து, தூரத்து மூலையில் பந்தை வைத்துவிட்டுப் போனான். அடித்தான் என்று எழுத மனம் வரவில்லை. காவியை எங்கள் கமவிங்கா காலில் மிதிக்க, பெனால்டி, லெவன்டோவ்ஸ்கி. மூன்றே நிமிடத்தில் அவர்களுடைய தடுப்பாட்டக்காரர் கூண்டே தூக்கிப் போட்ட பந்தில் ராஃபின்யாவின் தலை. அதைவிடக் கொடுமை நாலாவது: கார்னர் எங்களுடையது! அங்கிருந்து கிளம்பிய பந்து காயநேரத்தின் பத்தாவது நிமிடத்தில் பால்டே காலால் எங்கள் வலையில். ஒரு முழு அணி திரும்பி ஓடுவதை மாடியிலிருந்து பார்ப்பது டிவியில் பார்ப்பது போல இல்லை. எவன் ஓடுகிறான், எவன் நடக்கிறான் என்று தெரிந்துவிடும்.

இடைவேளை முடிந்து மூன்று நிமிடம், மறுபடி ராஃபின்யா. 5-1.

எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் கார்வஹாலும் மிலிட்டாவும் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்திருக்கிறார்கள், நடுக்களத்துக்கார ஷுவாமெனியைப் பின்னால் நிறுத்தினால் இப்படித்தான் என்று சேட்டனிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்க ஷுவாமெனியை நாங்களா அங்க நிறுத்தினோம்?"

56-வது நிமிடம் ஷெஸ்னி, ஓய்வு அறிவித்துவிட்டு, பார்சிலோனா கோல்கீப்பர் டெர் ஸ்டேகன் காயம்பட்டதால் அவர் இடத்துக்குத் திரும்பி வந்தவர், வெளியே பாய்ந்து எம்பாப்பேவை வீழ்த்தி சிவப்பு வாங்கினார். அந்த ஃப்ரீ கிக்கை ரோட்ரிகோ உள்ளே போட்டார். எதிரில் பத்து பேர், அரை மணி நேரம் கையில். அதற்கப்புறம் ஒரு கோல் கூட இல்லை. ஐந்து வாங்கியதைவிட எனக்கு இதுதான் எரிகிறது.

பார்சிலோனாவுக்கு இது 15-வது சூப்பர் கோப்பை, ஃப்ளிக்குக்கு அங்கே முதல் கோப்பை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வெளியேற ஒரு மணி நேரம். சேட்டன் பாடிக்கொண்டே வந்தார். மலையாளத்தில்.

ஜனவரி 14, செவ்வாய்

இன்று பொங்கல். ஆபீஸ் உண்டு. விடியற்காலை எழுந்து, பந்தயப்படி நானே வெல்லம் இடித்து, நானே பாசிப்பருப்பு வறுத்து, பால் பொங்கியதும் ஒற்றை ஆளாக அடக்கமாக "பொங்கலோ பொங்கல்" என்றேன். அடுத்த அறைக்காரர் தூங்குகிறார்.

சேட்டன் பார்சிலோனா சட்டையோடு வந்து தட்டை நீட்டினார்.

"அஞ்சு கரண்டி."