புது இம்பெலரை எத்தனை மணித்தியாலம் ஓடவிட்டு ஒப்புக்கொள்வது?

புதுக் கம்பனியின் இம்பெலர் (எஞ்சினைக் குளிர்த்தத் தண்ணீர் இறைக்கும் பம்பின் ரப்பர் இதழ்ச் சில்லு) ஒன்றை ஒரு படகில் பூட்டி, ஒரு கிழமை பிழையில்லாமல் ஓடினதும் சங்கக் கடைக்கு மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். அந்த ஒன்று தப்பினதை வைத்து 90% உறுதியோடு சொல்லக்கூடியது, பத்தில் ஒன்றாவது தப்பும் என்பது மட்டும்தான். கரை தெரியாத இடத்தில் எஞ்சின் சூடேறி இறுகினால் படகில் இருக்கிற ஆக்களின் உயிர்தான் கேள்வி. அதனால் கணக்குப் பார்த்தே நாங்கள் ஒப்புதல் கொடுக்கிறோம்.

முதலில் தேவையான ஆயுள். நாளுக்கு 3 மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் நாலு மாதத்துக்கு 300 மணித்தியாலம். பத்தில் ஒன்பது அதைத் தாண்ட வேணும் என்று வைத்தால், 22 இம்பெலர்கள் 300 மணித்தியாலம் ஒன்றும் பழுதாகாமல் ஓட வேணும். 0.9ஐ 22 தரம் பெருக்கினால் 0.1க்குக் கீழே வரும். அதுதான் அந்த 90% உறுதி. இடையில் ஒன்று போனால் 22 போதாது, 38 வேணும். போனதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய கணக்கைத் தொடர்வதை நாங்கள் ஏற்பதே இல்லை.

22 படகு கிடைக்காவிட்டால் 6 இம்பெலரை 600 மணித்தியாலம் ஓட்டலாம். ஆனால் இது வயதோடு கூடிவரும் தேய்மானத்துக்குத்தான் பொருந்தும் (பொருட்களின் ஆயுளைக் கணிக்கும் வெய்புல் கணக்கில், வயதோடு பழுது கூடும் வேகத்தைக் காட்டும் வடிவ எண் 2 என்று எடுத்தது). ரப்பருக்கும் நடுவில் உள்ள பித்தளை புஷ்ஷுக்கும் இடையில் ஒட்டு விடுவது அப்படியில்லை. அது தொடக்கத்திலேயே, எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் வரும். ஆறை எவ்வளவு நீட்டி ஓட்டினாலும் அது அகப்படாமல் போகலாம். ஆகவே 6 நீளமாக ஓடும்போதே மற்ற 16ஐயும் 50 மணித்தியாலமாவது ஓட்டுவிக்க வேணும்.

அமெரிக்க விமான எஞ்சின் விதிகளில் 150 மணித்தியால ஓட்டம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே எந்த வலுவில் எவ்வளவு நேரம் என்று கடுமையாக வகுத்திருக்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் கொண்டுவந்து பீப்பாத் தண்ணீரில் ஐடிலில் ஓட்டுவதால் பயனில்லை. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பக்கம் மாதிரி ஆழம் குறைந்த கடலில் மணல் உறிஞ்சும். ஓட்டத்தில் பாதியாவது அங்கே, வலை ஏற்றிய படகில் நடக்க வேணும்.

பூட்டுவதில்தான் அநேகமான சோதனை கெடுகிறது. இம்பெலர் சுற்றும் பழைய கப்பில் மணல் கீறின வரி இருந்தால் தண்ணீர் குறையும், பழி இம்பெலரில் விழும். எல்லாவற்றுக்கும் புதுக் கப், புதுத் தட்டு, இம்பெலரைத் தண்டோடு பிடித்துச் சுற்றவைக்கும் புதுக் கீ. கிறீஸ் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர் தடவி, எஞ்சின் சுற்றும் பக்கமாகவே திருப்பி இறக்க வேணும். கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டும்போது இதழ் மறுபக்கம் மடிந்தால் அடியில் வெடிக்கும்.

எது பழுது என்பதை ஓட்ட முதலே எழுதி வைக்க வேணும்: இதழின் அடியில் வெடிப்பு, புஷ் தனியாகச் சுற்றுவது, ஒரே ஆர்பிஎம்மில் பக்கத் துவாரத்தால் பீச்சும் தண்ணீர் ஒரு லீற்றர் நிறைய எடுக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுவது. துவாரத்தில் உப்புக் கட்டியிருந்தாலும் நேரம் கூடும். முதலில் கம்பி விட்டுத் துப்பரவாக்கிவிட்டு அளக்க வேணும்.

ஒப்புதல் தாளில் பெட்டியிலுள்ள தொகுதி எண்ணையும் எழுதுகிறோம். தொகுதி மாறினால் 22 இம்பெலர், 50 மணித்தியாலம், மறுபடியும்.