பத்திரத்தை வைத்து எடுத்த கார்

சென்ற வாரம் பல்லடத்திலிருந்து என் சித்தப்பா மகன் அழைத்தான். புதுக் கார் எடுக்கப் போவதாகவும், கார் கடனுக்குப் பதிலாக வீட்டின் மீது கடன் வாங்கினால் மாதத் தவணை பாதியாகக் குறையும் என்று வங்கியில் சொல்வதாகவும் கூறி, என் கருத்தைக் கேட்டான். போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2018-இல் நானும் இதைத்தான் செய்தேன். சோமனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு, அப்பா கூலிக்குத் தறி ஓட்டிச் சேர்த்த பணத்தில், அம்மா பெயரில் வாங்கிய இடத்தில் கட்டியது. எனக்கு 8 லட்சம் தேவைப்பட்டது. 9.5 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கார் கடன் என்றால் மாதம் ஏறக்குறைய 16,800 ரூபாய்; அதே வட்டியில் வீட்டின் மீது 15 வருடம் என்றால் 8,354 ரூபாய். இந்த இரண்டு தொகைகளை மட்டுமே பார்த்தேன். முன்னதில் மொத்த வட்டி சுமார் 2.08 லட்சம், பின்னதில் 7.04 லட்சம் என்று யாரும் எழுதிக் காட்டவில்லை; நானும் கேட்கவில்லை.

பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதைப் பதிவு செய்ய அம்மாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். முப்பது வருடம் தறிக்குப் பாவு நூல் பிணைத்துப் பிணைத்து ரேகை தேய்ந்துபோன விரல்கள். கருவி மூன்று முறை ஏற்க மறுத்தது. அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார். பத்திரத்தைக் கொடுப்பதற்கு முன் 11 தாள் இருப்பதை எண்ணிப் பார்த்துக்கொண்டார். காரில் ஏறிச் சுற்ற வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

கார் கடனில் அடமானம் நிற்பது கார்தான். ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் இருக்கும்; கட்ட முடியாவிட்டால் வண்டி போகும், மனம் நோகும்; வண்டியை விற்றும் தீராத பாக்கியைக் கேட்பார்கள், ஆனால் வீடு அடமானத்தில் இல்லை. வீட்டின் மீது வாங்கினால் ஆர்.சி. சுத்தமாக இருக்கும், வில்லங்கச் சான்றில்தான் கடன் ஏறும். தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றுவிட்டால் அது வாராக்கடன். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வழக்குத் தொடராமலே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். பனியன் கம்பெனிச் சம்பளத்தை நம்பியிருக்கிற நமக்கு, ஆர்டர் இல்லாத ஆறு மாதம் எப்படி இருக்கும் என்று தெரியாததா?

வட்டி மாறாமலே இருந்ததாக வைத்துக்கொண்டாலும், ஐந்து வருடத்தில் 5 லட்சம் கட்டிய பிறகு அசலில் கழிவது ஒன்றரை லட்சம்தான், 6.45 லட்சம் அப்படியே நிற்கும். காப்பீட்டுக் கணக்கிலோ, ஐந்தாம் வருடத்தில் காரின் மதிப்பில் 50 சதவீதம் கழித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் பத்து வருடம், தேய்ந்துகொண்டே போகிற வண்டிக்காகத் தவணை கட்ட வேண்டும். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பத்திரம் எப்பக் கண்ணு நம்மூட்டுக்கு வரும்?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதில் இருக்காது.

போனஸையும் எடுத்த சீட்டுப் பணத்தையும் போட்டு 2024-இல் கணக்கை முடித்தேன். தனிநபர் தொழில் நோக்கமின்றி வாங்கிய மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டியே அடைத்ததற்கு அபராதம் இல்லை. பத்திரம் கைக்கு வரத்தான் இழுத்தடித்தார்கள். முழுக் கடனும் தீர்ந்து 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற, 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதியைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்த பிறகே வேலை நடந்தது. பிறகு கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீதுப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, புதிதாக வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் விட்டால் தீர்ந்த கடன் தீராத கடனாகவே பதிவில் தெரியும்.

தம்பி, மாதம் 16,800 கட்ட முடியாது என்று தோன்றினால் 8 லட்சத்துக்குக் கடன் வாங்காதே. கைக்காசு கூடுதலாகப் போடு, அல்லது நல்ல பழைய வண்டியாகப் பார். நானே கூட வருகிறேன். சித்தி பெயரில் இருக்கிற வீட்டை இதில் இழுக்காதே.

பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்த அன்று அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெதுவாக எண்ணினார். 11 தாளும் இருந்தன.